ஐந்தரை வெள்ளி பிஸ்னஸ் புரொஃபைல்: மென்பொருள் வாங்கும் முன் நான் படிக்கும் தாள்

என் கணினியில் ஒரே மென்பொருள் நிறுவனத்தின் பிஸ்னஸ் புரொஃபைல், அதாவது பதிவு விவரத் தாள், இரண்டு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே பதினான்கு மாத இடைவெளி. சிங்கப்பூரில் நிறுவனங்களைப் பதியும் ஆணையமான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் ஒன்று 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 50 காசு. தேக்கா சந்தையில் ஒரு மட்டன் பிரியாணி விலைகூட இல்லை. இரண்டையும் அச்செடுத்து, சாப்பாட்டு மேசையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்த இரவில்தான் இந்தத் தாளை எப்படிப் படிப்பது என்று எனக்குப் புரிந்தது. மற்றவர்கள் அந்த இரவுக்கு முன்பே இதைப் படிக்கட்டும் என்றுதான் இந்த விமர்சனம்.

நான் சிராங்கூன் சாலையைச் சுற்றியுள்ள பதினொரு சிறு வணிகங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். இரண்டு உணவகம், ஒரு பூக்கடை, ஒரு தையல் கடை, ஒரு டியூஷன் நிலையம், இப்படி. பத்தொன்பது வருடத் தொழில். முன்பெல்லாம் கணக்குப் புத்தகம் கடையில் இருந்தது, சாவி முதலாளியிடம் இருந்தது. இப்போது விற்பனை, சம்பளம், மத்திய சேம நிதி, ஜிஎஸ்டி எல்லாம் யாரோ ஒருவருடைய மென்பொருளுக்குள் இருக்கின்றன. அந்த யாரோ ஒருவர் யார் என்று தெரிந்துகொள்ள நம் ஊரில் இருக்கும் மலிவான வழி இந்தத் தாள்.

நடந்ததைச் சொல்கிறேன். நான் கணக்கு எழுதும் உணவகம் ஒன்றில் பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். கல்லாப்பெட்டி, வேலை நேரப் பதிவு, சம்பளம் மூன்றையும் ஒரே மென்பொருளில் ஓட்டினார்கள். மாதம் 280 வெள்ளி. நல்ல மென்பொருள், அதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை முதலாளி போன் செய்தார். "தங்கச்சி, ஏதோ மெயில் வந்திருக்கு. சிஸ்டத்தை நிறுத்தப் போறாங்களாம். கொஞ்சம் பாரு."

பார்த்தேன். 45 நாளில் சேவை நிறுத்தம். அதற்குள் தகவல்களை இறக்கிக்கொள்ளுங்கள் என்று இருந்தது. விற்பனைக் கணக்கு அட்டவணையாக இறங்கியது. ரசீதுகளை ஒவ்வொன்றாகத்தான் எடுக்க முடிந்தது. சிங்கப்பூரில் வணிகக் கணக்கு ஆவணங்களைக் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். மென்பொருள் மூடிவிட்டது என்று உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் காரணம் சொல்ல முடியாது, பொறுப்பு கடைக்காரருடையது. முதலாளியின் மகளும் நானும் ஆறு இரவு உட்கார்ந்து இறக்கினோம். அவள் தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிற பிள்ளை, மறுநாள் காலை வகுப்பு இருக்கும். அந்த முகத்தைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்கவில்லை.

ஐந்தாவது இரவில் அவள் கேட்டாள்: "அத்தை, நல்லாத்தானே ஓடிக்கிட்டிருந்துச்சு? யாரு நிறுத்தச் சொன்னது?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இரண்டாவது தாளை வாங்கினேன். முதல் தாள், மென்பொருளில் சேரும்போது மானிய விண்ணப்பத்துக்காக எடுத்து வைத்திருந்த கோப்பிலேயே இருந்தது. அன்று அதில் முகவரியையும் நிறுவனம் உயிரோடு இருக்கிறதா என்பதையும் மட்டும் பார்த்துவிட்டு மூடியிருந்தேன்.

இப்போது தாளுக்கு வருவோம். பிஸ்ஃபைலில் நிறுவனத்தின் பெயரையோ பதிவு எண்ணையோ போட்டுத் தேடுவது இலவசம். நிறுவனம் இயங்குகிறதா, முகவரி என்ன, என்ன தொழில் என்பது அதிலேயே தெரிந்துவிடும். காசு கொடுத்தால் பிடிஎஃப் ஆக முழுத் தாள் வரும். அதில் பங்கு மூலதனம், இயக்குநர்கள், நிறுவனச் செயலாளர், பங்குதாரர்கள், ஆளுக்கு எத்தனை பங்கு, சொத்தின் மேல் யாருக்காவது அடமானப் பதிவு இருக்கிறதா, கடைசியாக ஆண்டறிக்கை தாக்கல் செய்த தேதி ஆகியவை இருக்கும். நான்கைந்து பக்கம்தான். வரிகள் வறண்டவை. ஆனால் கணக்குப் பிள்ளைக்கு வறண்ட வரிகளில்தான் கதை இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது பங்கு மூலதனம். என் இரண்டு தாளிலும் சாதாரணப் பங்குகள் அப்படியே இருந்தன: பத்து லட்சம் பங்கு, மூலதனம் 50,000 வெள்ளி. அது நிறுவனத்தைத் தொடங்கிய இரண்டு பேருடையது. அதற்குக் கீழே முன்னுரிமைப் பங்கு என்று ஒரு வரி. முதல் தாளில் 2.1 மில்லியன் வெள்ளி. இரண்டாவது தாளில் 9.4 மில்லியன் வெள்ளி. வென்ச்சர் முதலீடு, அதாவது வேகமாக வளரும் என்று நம்பிப் புது நிறுவனங்களில் நிதிகள் போடும் பணம், உள்ளே வந்த தடம் இந்த வரிதான். முதலீட்டு நிதிகள் பெரும்பாலும் சாதாரணப் பங்கு வாங்குவதில்லை, முன்னுரிமைப் பங்குதான் வாங்கும்.

அந்தப் பெயரில் உள்ள முன்னுரிமை என்ன என்பதை ஒரு கணக்கில் சொல்கிறேன். ஒரு நிதி 8 மில்லியன் வெள்ளி போட்டு 30 விழுக்காடு பங்கு வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் பிறகு 10 மில்லியனுக்கு விலை போகிறது. 30 விழுக்காடு என்றால் 3 மில்லியன்தானே என்று நினைப்போம். ஒப்பந்தத்தில் வழக்கமாக இருக்கும் ஒரு மடங்கு முன்னுரிமைப்படி, போட்ட 8 மில்லியனை நிதி முதலில் எடுத்துக்கொள்ளலாம். தொடங்கியவர்களுக்கும் ஊழியர்களுக்கும் மிஞ்சுவது 2 மில்லியன். அதே நிறுவனம் 40 மில்லியனுக்கு விற்றால், நிதி தன் பங்கைச் சாதாரணப் பங்காக மாற்றிக்கொண்டு 12 மில்லியன் எடுக்கும். நடுவில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. விற்பனை விலை 8 மில்லியனிலிருந்து சுமார் 26.7 மில்லியன் வரை எங்கே நின்றாலும் நிதிக்குக் கிடைப்பது அதே 8 மில்லியன். அந்த இடைவெளியில் நிறுவனம் கொஞ்சம் கொஞ்சமாக வளர்வது தொடங்கியவருக்கு வாழ்க்கை, நிதிக்கு அதனால் ஒரு காசுகூட அதிகம் வராது.

இதில் நிதியைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அதுவும் யாரோ ஒருவருடைய பணத்தை வாங்கித்தான் போடுகிறது. பொதுவாக ஒரு வென்ச்சர் நிதியின் ஆயுள் சுமார் பத்து ஆண்டு. அதற்குள் போட்டு, வளர்த்து, விற்று, பணம் கொடுத்தவர்களுக்குத் திருப்ப வேண்டும். பத்து நிறுவனத்தில் போட்டால் ஒன்றிரண்டு மிகப் பெரிதாக வளர்ந்து மற்றவற்றின் நஷ்டத்தையும் சேர்த்து ஈடுகட்ட வேண்டும். ஆகவே மெதுவாக, ஒழுங்காக, முப்பது பேருக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டு ஓடும் மென்பொருள் நிறுவனம் அவர்கள் கணக்குக்குப் போதாது. எங்கள் உணவகத்துக்கு வேண்டியது அப்படிப்பட்ட நிறுவனம்தான். அந்த மெயிலுக்குப் பின்னால் இருந்தது இந்த முரண்தான் என்று நான் நம்புகிறேன். கெட்டவர் என்று யாரும் இதில் எனக்குத் தென்படவில்லை.

பத்து ஆண்டுக் கணக்கு நன்றாக முடிந்த கதையும் நம்மவர்களுக்குத் தெரிந்ததே. சென்னையில் 2010இல் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க், இப்போதைய ஃப்ரெஷ்வொர்க்ஸ், 2011இல் ஆக்செல் நிதியிடம் முதல் முதலீடு வாங்கியது. 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பங்கு 36 டாலருக்குப் பட்டியலானது. ஏறத்தாழப் பத்து ஆண்டு. அதே சென்னையில் வளர்ந்த ஜோஹோ, 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, வென்ச்சர் பணம் வாங்காமலே வந்தது. எது உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்ல இங்கே இடமில்லை. ஆனால் வாடிக்கையாளராக ஒரு மென்பொருளை எடுக்கும்போது, அதன் முதலாளிக்குப் பத்து ஆண்டுக் கடிகாரம் ஓடுகிறதா இல்லையா என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து இயக்குநர்கள் பக்கம். என் மனதை உலுக்கியது இந்தப் பக்கம்தான். முதல் தாளில் மூன்று இயக்குநர்கள்: தொடங்கிய இருவர், முதலீட்டு நிதியிலிருந்து ஒருவர். இரண்டாவது தாளில் நான்கு பேர். தொடங்கியவர்களில் ஒருவர் பெயர் இல்லை. புதிதாக இருவர் வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நியமனத் தேதி இருக்கும். புதியவர்கள் இருவரும் ஒரே நாளில் நியமிக்கப்பட்டிருந்தார்கள், எங்களுக்கு மெயில் வருவதற்கு ஏழு மாதம் முன்பு. நான்கில் மூன்று நாற்காலி முதலீட்டாளர் பக்கம். அதற்குக் கீழே, முதல் தாளில் இல்லாத ஒரு வரி: நிறுவனத்தின் சொத்துகள் மேல் கடன் கொடுத்தவர் ஒருவரின் அடமானப் பதிவு. அப்படிப்பட்ட அடமானத்தை 30 நாளுக்குள் அக்ராவில் பதிய வேண்டும் என்பது சட்டம். அந்தத் தேதியும் ஏறத்தாழ அதே மாதம்.

ஏழு மாதம். அந்த ஏழு மாதத்தில் ஒரே ஒரு தடவை ஐந்தரை வெள்ளி செலவு செய்திருந்தால், மாதக் கடைசியில் ரசீதுகளை அப்போதே இறக்கத் தொடங்கியிருப்பேன். அந்தப் பிள்ளை ஆறு இரவு விழித்திருக்க வேண்டியிருந்திருக்காது.

இயக்குநர் பட்டியலைப் படிக்கும்போது ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் பதிவான ஒவ்வொரு நிறுவனத்திலும் இங்கேயே வசிக்கும் இயக்குநர் ஒருவராவது இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்து தொடங்குபவர்கள் இந்த விதிக்காகச் செயலாளர் சேவை நிறுவனங்கள் மூலம் உள்ளூர் இயக்குநர் ஒருவரை ஏற்பாடு செய்துகொள்வது உண்டு. அப்படிப்பட்டவர் பெயர் பல நிறுவனங்களில் இருக்கும், முகவரி ராபின்சன் ரோடு அல்லது சீசில் ஸ்திரீட்டில் ஒரு அலுவலகமாக இருக்கும். முடிவெடுப்பவர் அவர் இல்லை. அந்தப் பெயரை ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்தை எண்ணுங்கள். தொடங்கியவர்கள் எத்தனை பேர், பணம் போட்டவர்கள் அனுப்பியவர்கள் எத்தனை பேர், இரு தரப்பையும் சேராதவர் யாராவது இருக்கிறாரா? யார் யாரை அனுப்பினார் என்று தாள் சொல்லாது. நிதிகளின் வலைத்தளத்தில் தங்கள் ஆட்கள் பட்டியல் இருக்கும், பெயரை ஒப்பிட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

முதலீட்டாளர் அனுப்பிய இயக்குநர் முதலீட்டாளருக்காக மட்டும் உழைக்கலாமா? கூடாது. நிறுவனச் சட்டத்தின் 157ஆம் பிரிவு எல்லா இயக்குநருக்கும் ஒன்றுதான்: நேர்மையாக, தக்க கவனத்தோடு கடமையைச் செய்ய வேண்டும். அந்தக் கடமை நிறுவனத்துக்கு. போர்டில், அதாவது இயக்குநர் குழுவில், கேட்டதைத் தன்னை அனுப்பியவரிடம் சொல்லக்கூட 158ஆம் பிரிவுப்படி வரம்பு உண்டு, போர்டின் அனுமதி வேண்டும். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் வாடிக்கையாளருக்குச் செய்யும் கடமை என்று அந்தப் பிரிவுகளில் ஒன்றும் இல்லை. நிறுவனம் நலிந்து கடன் அடைக்க முடியாத நிலை வந்தால் கடன் கொடுத்தவர்களின் நலனைப் பார்க்க வேண்டும் என்பது நீதிமன்றங்கள் ஏற்ற கொள்கை. மாதம் 280 வெள்ளி கட்டும் உணவகம் எந்த வரியிலும் வராது. அதனால்தான் நம்மைப் பார்த்துக்கொள்ளும் வேலை நம்முடையது.

பெரிய முதலீட்டாளர் பெயர் இருந்தால் போதுமா என்று தையல் கடைக்கார அக்கா என்னிடம் கேட்டார். "டெமாசெக் போட்டிருந்தா பயமில்லைதானே?" நியாயமான கேள்வி. சிங்கப்பூர் அரசுக்குச் சொந்தமான முதலீட்டு நிறுவனம் டெமாசெக். அது எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ நாணயச் சந்தை நிறுவனத்தில் போட்ட 275 மில்லியன் அமெரிக்க டாலரை 2022 நவம்பரில் முழுவதும் நஷ்டமாக எழுதியது. போடும் முன் எட்டு மாதம் ஆராய்ந்திருந்தது. எஃப்டிஎக்ஸ் கவிழ்ந்த பிறகு பொறுப்பேற்ற நிர்வாகி நீதிமன்றத்தில் சொன்னதில் எனக்கு உறுத்தியது இது: அந்தக் குழும நிறுவனங்கள் பலவற்றில் போர்டுக் கூட்டமே நடந்ததில்லை. உலகின் பெரிய நிதிகள் பணம் போட்டிருந்தும், கேள்வி கேட்க நாற்காலி போட்டு யாரும் உட்காரவில்லை. ஆகவே பங்குதாரர் பட்டியலில் பெரிய பெயர் இருப்பதைவிட இயக்குநர் பட்டியலில் அந்தப் பெயரின் ஆள் இருக்கிறாரா என்பதை நான் முதலில் பார்ப்பேன்.

கடைசியில் இருக்கும் தேதி வரி மிகச் சின்னது. கடைசி ஆண்டுப் பொதுக்கூட்டம், கடைசி ஆண்டறிக்கை, எந்த நிதியாண்டு வரையிலான கணக்கு என்று இருக்கும். தனியார் நிறுவனம் நிதியாண்டு முடிந்து 7 மாதத்துக்குள் ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம். இருபது பேருக்கு மேற்படாத தனிமனிதர்கள் மட்டும் பங்கு வைத்திருக்கும் தனியார் நிறுவனம், கடனை அடைக்கும் நிலையில் இருந்தால், கணக்கைப் பொதுப் பார்வைக்குத் தாக்கல் செய்ய வேண்டியதில்லை. ஒரு முதலீட்டு நிறுவனம் பங்குதாரராக உள்ளே வந்ததும் அந்த விலக்கு போய்விடும். அதாவது, வென்ச்சர் பணம் வாங்கிய மென்பொருள் நிறுவனத்தின் கணக்கை நாம் தனிக் கட்டணம் கட்டிப் பார்க்க முடியும். பணம் வாங்காத சின்ன நிறுவனத்தின் கணக்கு பெரும்பாலும் கிடைக்காது. இதை நான் முதலில் தலைகீழாக நினைத்திருந்தேன்.

ஜிலிங்கோவை நினைவிருக்கிறதா? சிங்கப்பூரைத் தலைமையகமாகக் கொண்ட, 2015இல் தொடங்கிய இணைய ஆடை வணிக மேடை. சிகோயா, டெமாசெக் எல்லாம் முதலீட்டாளர்கள். 2022 மார்ச்சில் கணக்கு விவகாரத்தில் போர்டு தலைமை நிர்வாகியை இடைநீக்கம் செய்தது. அவர் தன் மேல் தவறில்லை என்று மறுத்தார். 2023 ஜனவரியில் நிறுவனம் கலைப்புக்குப் போனது. அந்தச் செய்திகள் வந்தபோதுதான், இரண்டு ஆண்டுகளின் கணக்கு தாக்கலாகாமல் இருந்ததும் ஊருக்குத் தெரிந்தது. காசு கொடுத்து இந்தத் தாளைப் பார்த்திருக்கக்கூடிய எவருக்கும் அந்தத் தேதி வரி முன்பே தெரிந்திருக்கும். வணிகர்கள் பலர் அந்த மேடையை நம்பிச் சரக்கு வைத்திருந்தார்கள்.

தாளில் கிடைக்காதவற்றையும் சொல்ல வேண்டும். பங்குதாரர் ஒப்பந்தம் இதில் இல்லை, உண்மையான அதிகாரம் அதில்தான் இருக்கிறது. எந்த விஷயத்துக்கெல்லாம் முதலீட்டாளரின் எழுத்து ஒப்புதல் வேண்டும் என்ற பட்டியல் அதற்குள் இருக்கும். ஒரு நிறுவனத்தின் ஒப்பந்தத்தை நாம் பார்க்க முடியாது. ஆனால் மாதிரியைப் பார்க்கலாம். சிங்கப்பூர் சட்டக் கழகமும் வென்ச்சர் முதலீட்டாளர் சங்கமும் சேர்ந்து 2018இல் விமா என்ற மாதிரி ஒப்பந்தத் தொகுப்பை வெளியிட்டன. இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தேன். சட்டம் படிக்காதவரும் பொறுமையாகப் படித்தால் புரியும். தொழிலை மாற்றுவது, பெரிய கடன் வாங்குவது, நிறுவனத்தைக் கலைப்பது போன்றவற்றுக்கு யாரைக் கேட்க வேண்டும் என்பதன் வடிவம் அதில் தெரிகிறது.

பிறகு, பங்காக மாறக்கூடிய கடன் பத்திரங்கள் மாறும் வரை தாளில் வராது. சில நிறுவனங்களின் தாளில் பங்குதாரர் பகுதியில் ஒரே வரிதான் இருக்கும்: அமெரிக்காவின் டெலவேரிலோ கேமன் தீவிலோ பதிவான ஒரு தாய் நிறுவனம், நூறு விழுக்காடு. அங்கே கதவு மூடிவிடும். டெலவேர் பதிவேட்டில் பங்குதாரர் பெயர் இருக்காது. உள்ளூரிலும் 2020 ஜனவரியில் வந்த விசிசி என்ற நிதி அமைப்பில், அதன் பங்குதாரர் ஏடு பொதுமக்களுக்குத் திறந்ததில்லை. 25 விழுக்காட்டுக்கு மேல் கட்டுப்பாடு வைத்திருப்பவர்களின் ஏடும் 2017 முதல் கட்டாயம், ஆனால் அது அதிகாரிகள் பார்ப்பதற்கு. இந்த எல்லைகள் சட்டம் போட்டவை. தாளைக் குறைசொல்லிப் பயனில்லை.

மற்ற ஊர்களோடு ஒப்பிட்டால்? பிரிட்டனின் கம்பெனிஸ் ஹவுஸில் எல்லாமே இலவசம், பழைய ஆவணம்கூட. இந்தியாவில் நிறுவன விவகார அமைச்சின் தளத்தில் 100 ரூபாய் கட்டினால் ஒரு நிறுவனத்தின் பொது ஆவணங்களைப் பார்க்கலாம். எந்தச் சுற்றில் யாருக்கு எத்தனை பங்கு ஒதுக்கினார்கள் என்ற படிவம்வரை கிடைக்கும். அமெரிக்காவில் பட்டியலான நிறுவனம் என்றால் இலவசத் தாக்கல்களில் ஒவ்வொரு இயக்குநரின் பின்னணியும் 5 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருப்பவர் பெயரும் உண்டு. நம் தாளின் பலம் வேறு: சுருக்கம், தெளிவு, உடனே கையில் கிடைப்பது. பிரிட்டனில் பத்து ஆவணம் திறந்து தொகுக்க வேண்டியதை இங்கே நாலு பக்கத்தில் தருகிறார்கள். ஆனால் அன்றைய நிலையை மட்டுமே காட்டும். விலகியவர் பெயர் காணாமல் போயிருக்கும். அதனால்தான் இரண்டு தாள் வேண்டும் என்கிறேன். ஒன்று புகைப்படம், இரண்டு இருந்தால்தான் யார் எழுந்து போனார்கள் என்று தெரியும்.

புதிய பிஸ்ஃபைல் தளம் 2024 டிசம்பர் 9ஆம் தேதி திறந்ததும், ஒருவர் பெயரைப் போட்டுத் தேடினால் அவருடைய முழு அடையாள அட்டை எண் தெரிந்த விவகாரம் எல்லோருக்கும் தெரியும். 13ஆம் தேதி அந்தத் தேடலை நிறுத்தி, மாதக் கடைசியில் அடையாள எண் இல்லாமல் திரும்பத் திறந்தார்கள். இயக்குநர் யார் என்று கண்டறிய அந்த எண் நமக்குத் தேவையே இல்லை. பெயரும் நியமனத் தேதியும் போதும். தனிமனிதர் விவரத்தில் அதற்கு மேல் நமக்கு வேலை இல்லை என்பது என் உறுதியான கருத்து.

இந்த வருடம் இதற்கு அவசரம் கூடியிருக்கிறது. இன்வாய்ஸ்நவ் என்ற மின் விலைப்பட்டியல் வலையமைப்பு மூலம் விலைப்பட்டியல் விவரங்களை வருவாய் ஆணையத்துக்கு அனுப்பும் விதி 2025 நவம்பர் 1ஆம் தேதி, தாமாக ஜிஎஸ்டிக்குப் பதியும் புதிய நிறுவனங்களிலிருந்து தொடங்கியது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிதாகத் தாமாகப் பதியும் எல்லோருக்கும். மென்பொருள் விற்பவர்கள் தேக்காவில் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். தையல் கடைக்கு மூன்று பேர் விலை கொடுத்தார்கள். மூன்றுக்கும் தாள் வாங்கினேன், 16 வெள்ளி 50 காசு. ஒன்றில் ஆண்டறிக்கை தேதி தவறிப் பல மாதம் ஆகியிருந்தது, அதை விட்டோம். இன்னொன்றில் பங்குதாரர் ஒரே ஒரு டெலவேர் நிறுவனம். விற்பனைக்கு வந்த தம்பியிடம் நேராகவே கேட்டேன்: "உங்க போர்டுல யார் யார் இருக்காங்க, யார் பணம் போட்டிருக்காங்க?" அவர் முகம் சுளிக்கவில்லை. மறுநாளே அலுவலகத்தில் கேட்டு, ஐந்து பெயரும் எழுதி அனுப்பினார். அந்தப் பண்பு எனக்குப் பிடித்தது. மூன்றாவதில் தொடங்கிய மூவரும் இன்னும் இயக்குநர்கள், ஒரு முதலீட்டாளர் நாற்காலி, அடமானம் ஏதும் இல்லை, கணக்கு நேரத்துக்குத் தாக்கலாகியிருக்கிறது. விலை மாதம் 30 வெள்ளி கூடுதல். அக்காவிடம் இரண்டு தாளையும் விரித்து வைத்து, வரி வரியாகக் காட்டினேன். மூன்றாவதை எடுத்தார்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். பழைய இயக்குநர் பெயர்களும் அதே தாளில் இருந்தால் அந்த அரையையும் கொடுத்துவிடுவேன்.

உணவகம் புது மென்பொருளில் ஓடுகிறது. முதலாளியின் மகள்தான் இப்போது மாதக் கடைசியில் ரசீதுகளை இறக்கி ஒரு வன்தட்டில் சேமிக்கிறாள். ஆறு மாதத்துக்கு ஒரு தாள் வாங்குவது என்றும் அவளே முடிவு செய்து, கல்லாப்பெட்டிக்குப் பின்னால் மாட்டியிருக்கும் ராணி முத்து காலண்டரில் அடுத்த தேதியைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.